மார்கிறட்டின் வீடு

யோசேப்புக்கு மட்டக்களப்பிலிருந்து மொனராகலைக்கு மாற்றம் வந்திருந்தது. செப்டம்பர் பிறந்ததும் அங்கே போய் வேலையை ஏற்க வேண்டும். அதை நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான். அவன் வேலை செய்த கந்தோரின் பெரிய துரை ஹெக்டர்.

அந்த ஹெக்டர் துரை ஒரு புதன்கிழமை பின்னேரம் யோசேப்பின் மேசைக்கு வந்து, அதன் விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“ஐசே, நானும் மிஸிஸும் கடற்கரைப் பக்கம் போறம். கபானா எண்டு புதுசா ஒண்டு போட்டிருக்கிறாங்கள். நீரும் மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும். மூண்டு நாள் எல்லாத்தையும் மறந்து சும்மா கிடப்பம். உம்மட விசயத்தையும் அங்க வைச்சுக் கதைக்கலாம்.”

யோசேப் சைக்கிளை வீட்டு வாசலில் போட்ட வேகத்தில் அதன் மணி தானாக அடித்தது. மார்கிறட் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை அவள் இரண்டாம் முறையும் சொல்ல வைத்துக் கேட்டாள்.

“எங்கள என்னத்துக்குக் கூப்பிடுறாரு?”

“மாத்தத்த நிப்பாட்ட மனமில்லாட்டிக் கூப்பிடுவாரா புள்ள? கந்தோருக்க நான் ஒரு பேர் மட்டும்தான். பக்கத்தில வைச்சுப் பாத்தாத்தானே இவனும் ஒரு மனிசன் எண்டு தெரியும்.”

“உங்களப் பாக்கட்டும். நான் ஏன்?”

“நீதான் முக்கியம். துரையிட்ட நான் வாய் திறக்க மாட்டன். நீ அவர்ர நோனாவிட்டச் சொல்லு. வீட்டப் பத்திச் சொல்லு. பொம்புளைக்குப் பொம்புள விளங்கும்.”

வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மட்டக்களப்பில் கலியாணம் என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு உரியது. அம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக இன்னொன்று கட்டிக்கொண்டு விலகிவிடுவாள். சின்ன உப்போடையில் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கல்வீடு மார்கிறட்டுக்கு அப்படித்தான் வந்தது. யோசேப் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்தவன். அவள் ஒரு நாள்கூட வேறு கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியதில்லை. ஒரு பெண் வீட்டை விட்டுப் போனாள் என்று அந்தத் தெருவில் சொன்னால், ஒன்றில் அவள் எவனோடோ ஓடிவிட்டாள், அல்லது அவளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள் என்றுதான் பொருள். உத்தியோகத்துக்காக மனைவி கணவனின் பின்னால் போவதை அவள் கொழும்பு ஆட்களின் பழக்கம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள்.

அரிசிக்கு ஊரெல்லாம் அலைந்த வருடம் அது. மார்கிறட் தன் அம்மாவின் வட்டையில் விளைந்த நெல்லைக் குத்தி, அந்த அரிசியில் ஒரு பையை எடுத்துவைத்தாள். தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டினாள். எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினாள். விருந்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது.

துரையின் கார் சனிக்கிழமை காலை வேலி வாசலில், கடப்படியில் வந்து நின்றது. துரையின் மனைவி பீற்றிஸ் முன் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வீட்டை ஒரு தரம் பார்த்தாள். பின் இருக்கையில் அவர்களுடைய பெட்டிகளும் ஒரு பெரிய தொப்பியும் இருந்தன. தொப்பி நசுங்கிவிடும் என்று பீற்றிஸ் சொன்னதால் யோசேப்பும் மார்கிறட்டும் மிச்ச இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். தயிர்ச் சட்டி மார்கிறட்டின் மடியில் இருந்தது.

செங்கலடிச் சந்தி கழிந்தபோது துரை கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சிரித்தார்.

“ஐசே, கலியாணம் முடிச்சு எத்தினை வருசம்?”

“நாலு வருசம் சேர்.”

“நாலு வருசமா மாமியார் வீட்டுப் பாயில ஒட்டிக்கொண்டு கிடக்கிறீர். இந்தப் பக்கத்துப் பெண்டுகள் மருந்து போட்டுப் பாயோட ஒட்டிவிடுவினம் எண்டு எங்கட ஊரில சொல்லுவினம். நான் நம்பேல்லை. இப்ப கண்ணால பாக்கிறன்.”

பீற்றிஸ் குலுங்கிச் சிரித்தாள். “என்ன மருந்து போட்டனி பிள்ளை? எனக்கும் கொஞ்சம் தா.”

யோசேப்பும் சிரித்தான். அவன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து மார்கிறட் கேட்டதில்லை. பள்ளம் ஒன்றில் கார் குதித்தது. தயிர் சட்டியின் வாயைத் தாண்டி அவளுடைய சேலையில் வழிந்தது. அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

கபானா என்றால் என்ன என்று அவர்கள் இருவருக்கும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வடக்கே, வாவியின் ஒரு கை கடலுக்குக் கிட்டப் போய், மணல் திட்டு ஒன்றால் மறிக்கப்பட்டு நிற்கும் இடம். அந்தத் திட்டின் மேல், தாழம் பற்றைகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவில் ஐந்து குடில்கள். சுவர் கிடுகு, கூரை கிடுகு, நிலம் மணல். மின்சாரம் இல்லை. வெள்ளைக்காரர்கள் இயற்கையோடு இருப்பதற்காக கொழும்பு முதலாளி ஒருவர் வேண்டுமென்றே இப்படிக் கட்டியிருந்தார். கட்டில்களில் கொசுவலை மட்டும் புதிதாக இருந்தது.

“இதுக்குள்ள இருந்து தப்பத்தானே எங்கட ஆக்கள் கல்வீடு கட்டினவங்க,” என்று யோசேப் மார்கிறட்டின் காதில் சொன்னான்.

அவள் சிரிப்பை அடக்கினாள். உண்மையில் இடம் அழகாக இருந்தது. கடல் காலையில் தட்டில் வார்த்த தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. பின்பக்கம் உப்பங்கழியில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. யாரும் எதுவும் கேட்காமல் விட்டால் ஒரு முழுநாளும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடலைப் பார்த்த பெரிய குடில் துரைக்கு. மற்ற மூன்றும் பூட்டிக் கிடந்தன. குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த குடிலை யோசேப்புக்கும் மார்கிறட்டுக்கும் காட்டினார்கள். காட்டியவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட ஆதம்பாவா. ஏறாவூர்க்காரர். வயிறு பெருத்த, மெதுவாக நடக்கும் மனிதர். சமையலும் அவர்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்ததும் துரை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

“ஆதம்பாவா, இது மீனா, சவர்க்காரமா?”

“மீன்தான் சேர்.”

“ஐசே, மட்டக்களப்பு நண்டுக் கறி எண்டு சொல்லிச் சொல்லி என்ர உயிரை எடுத்தீரே. உம்மட மனிசிக்கு வருமோ?”

அந்தக் கேள்விக்குப் பிறகு மார்கிறட் குசினியை விட்டு வெளியே வந்தது குறைவு. பின்னேரம் நண்டு. மறுநாள் காலை அப்பம். பிறகு மீன் வறுவல், பிறகு மறுபடி நண்டு. அவள் கொண்டுவந்த அரிசி, அவள் கொண்டுவந்த மிளகாய்த்தூள். அரிசியைப் பார்த்து பீற்றிஸ், “இவ்வளவு நல்ல அரிசி எங்களுக்குக் கண்ணால பாக்கவும் கிடைக்கிறேல்லை. மிச்சத்தை நான் கொண்டுபோறன், என்ன?” என்று பையை அப்போதே தன் குடிலுக்கு எடுத்துப்போனாள்.

ஆதம்பாவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். தன் வேலையை இன்னொருவர் செய்வதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

“தங்கச்சி, உங்கட ஆளுக்கு மாத்தமா, உயர்வா?”

மார்கிறட் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். “காக்காவுக்கு ஆர் சொன்ன?” என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கேட்டாள்.

“ஆரும் சொல்லல்ல. இந்தத் துரை வந்தா ஒரு கிளாக்கரும் பொஞ்சாதியும் பின்னால வருவாங்க. போன மாசம் வந்தவ ஆட்டுப்பால் கொண்டந்தா. துரைக்கு அது ஒத்துக்கொள்ளல்ல.”

“அவங்களுக்குக் காரியம் சரிவந்ததா?”

“அது நமக்கு என்ன தெரியும்? மறுகா அவங்க இந்தப் பக்கம் வரல்ல.” அவர் துப்பிவிட்டு வந்து, “உப்பைக் கொஞ்சம் கூடப் போடுங்க. அந்த ஆளுக்கு நாக்கு செத்துப்போச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை துரை கடலில் நீந்த ஆசைப்பட்டார். நீந்தத் தெரியும், ஆனால் கால் எட்டாத இடத்துக்குப் போகப் பயம். எங்கே வரை நிலம் எட்டும் என்று தெரிய வேண்டும்.

“ஐசே யோசேப், நீர் போய் நில்லும். கழுத்தளவு வந்ததும் நில்லும். நான் உம்மைத் தொட்டிட்டுத் திரும்பி வருவன்.”

யோசேப் சேட்டைக் கழற்றி மடித்து மார்கிறட்டிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். பெரியகல்லாற்றுப் பிள்ளை. தண்ணீர் அவனுக்குப் புதிதல்ல. இடுப்பு, நெஞ்சு, கழுத்து. நின்றுகொண்டு கையைத் தூக்கிக் காட்டினான். துரை நீந்திப் போய் அவன் தலையைத் தொட்டார். திரும்பி வந்தார். இன்னொரு தரம் போய்த் தொட்டார். பிறகு கரைக்கு வந்து, துவாயால் துடைத்து, தென்னை நிழலில் சாய்வு நாற்காலியில் விழுந்தார். ஆதம்பாவா பியர் கொண்டுவந்தார்.

யோசேப் அங்கேயே நின்றான். வா என்று யாரும் சொல்லவில்லை.

“ஹெக்டர், உங்கட கட்டை இன்னும் தண்ணிக்குள்ள நிக்குது,” என்றாள் பீற்றிஸ்.

“நிக்கட்டும். சாப்பாட்டுக்கு முதல் இன்னொருக்கா நீந்துவன்.”

அவர் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பத்திரிகை மூச்சுக்கு ஏறி இறங்கத் தொடங்கியது.

மார்கிறட் சேட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தாள். வெயில் ஏறியது. மேற்கேயிருந்து கச்சான் காற்று சூடாக எழுந்து மணலை அள்ளிக்கொண்டு போனது. தண்ணீர்மேல் ஒரு கறுப்புத் தலை மட்டும் இருந்தது. அந்தத் தலை திடீரென்று ஒரு பக்கமாகத் துடித்தது. மறுபடி துடித்தது. பிறகு அசையாமல் நின்றது. கையைத் தூக்கவில்லை, சத்தமும் போடவில்லை.

அவள் எழுந்து துரையின் நாற்காலிவரை போனாள். பத்திரிகை ஏறி இறங்கியது. பீற்றிஸ் விரலை உதட்டில் வைத்து, “எழுப்பாத பிள்ளை. கிழமை முழுக்க வேலை, பாவம்” என்றாள். மார்கிறட் திரும்பி வந்து இருந்த இடத்திலேயே இருந்தாள்.

துரை எழும்பியபோது நிழல் நாற்காலியை விட்டு விலகியிருந்தது. நீந்தும் எண்ணம் போய்விட்டது. “ஐசே, என்ன அங்க செய்கிறீர்? வாரும், சாப்பிடுவம்” என்று கூப்பிட்டார்.

யோசேப் வந்தபோது அவனுடைய வயிற்றிலும் தொடையிலும் சவுக்கால் அடித்ததுபோல் சிவப்புக் கோடுகள் எழும்பியிருந்தன. சொறிமுட்டை. கண்ணாடிபோல் தண்ணீரோடு தண்ணீராக மிதந்து வரும். அதன் நூல்கள் பட்ட இடமெல்லாம் நெருப்பாக எரியும். ஒரு அடி விலகி நின்றிருந்தால் பட்டிருக்காது.

“ஏன் நகரல்ல?” என்று மார்கிறட் குடிலுக்குள் வைத்துக் கேட்டாள். ஆதம்பாவா கொடுத்த தேசிக்காயைப் பிழிந்து கோடுகளில் தடவினாள்.

“இடம் மாறிப் போயிடும் எண்டு நினைச்சன். அவர் அளவு பாத்து வைச்ச இடம்.” அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “மனிசர் நல்லாத் தூங்கினாரு, என்ன? நல்ல மனநிலையோட இருப்பாரு. இண்டைக்கு நீ நோனாவோட கதை.”

அவள் கதைத்தாள்.

பீற்றிஸுக்குத் தலைமுடியில் எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டியிருந்தது. பின்னேரம் கடற்கரை மணலில் பாய் விரித்து, பீற்றிஸ் முன்னால் உட்கார, மார்கிறட் பின்னால் முழங்காலில் நின்றாள். முடியை வகிர்ந்து எண்ணெய் வைத்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது.

“பாத்தியா?” என்றாள் பீற்றிஸ். “எல்லாம் அந்தக் குவார்ட்டர்ஸ் கிணறு. ஒரே சவர், உப்புக் கரிக்குது. சோறு வடிச்சா மஞ்சளாப் போகுது. சவர்க்காரம் நுரைக்காது. தகரக் கூரை வேற. மத்தியானம் பாண் சுடுற போறணைக்குள்ள இருக்கிற மாதிரி.”

மார்கிறட்டுக்குத் தான் தேடிக்கொண்டிருந்த வாசல் திறந்ததுபோல் இருந்தது. கூச்சம் பிடித்தவள் அவள். துரையின் மனைவியிடம் நேராக உதவி கேட்க நாக்கு எழும்பாது. ஆனால் வீட்டைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்லுவாள்.

“எங்கட கிணறு நல்ல தண்ணி நோனா,” என்றாள். “வாவி அந்தா தெரியிற தூரம்தான். ஆனாலும் நல்ல தண்ணி. சுத்திவர எல்லா வீட்டிலயும் சவர். எங்கட வீட்டில மட்டும் இல்ல. தெருவே குடத்தோட வரும்.”

“கோடையிலயும் வத்தாதா?”

“ஒருநாளும் வத்தாது.”

“அப்பிடியா?” பீற்றிஸ் தலையைத் திருப்பினாள். “வீடு எப்பிடி? ஓடா?”

“ஓடு நோனா. கூரைக்குப் பலா மரத்து வளை. எங்கட அப்பா ரெண்டு போகத்து நெல்லைக் குடுத்து வாங்கினவரு. கச்சான் காலத்திலயும் உள்ளுக்குக் குளிர்ச்சி. வாவிக் காத்து நேர வந்து நடு அறைக்குள்ள நிக்கும். பின்னேரத்தில ஒரு பாயப் போட்டுப் படுத்தா எழும்ப மனம் வராது.”

“அறை எத்தினை?”

“மூண்டு. பெரிய விறாந்தை. பின்னுக்குக் குசினி தனிய.”

“கார் நிப்பாட்ட இடம் இருக்கோ?”

“ரெண்டு கார் நிப்பாட்டலாம் நோனா. மாமரத்துக்குக் கீழ நிழல்.” அவளுடைய விரல்கள் தாமாக வேலை செய்தன. “இப்பிடி ஒரு வீட்ட விட்டுப் போட்டு எப்பிடி நோனா போற? எங்கட பக்கத்தில பொம்புள வீட்ட விட்டுப் போறல்ல. அவர் அங்க, நான் இங்க எண்டா, அது ஒரு குடும்பமா? அவரோட போனா வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீடு செத்த வீடு மாதிரி.”

பீற்றிஸ் சீப்பில் வந்த முடியைச் சுருட்டி மணலில் போட்டாள். கடலில் ஒரு தோணி பாய் விரித்துப் போனது.

“அதுதான், பாவம்,” என்றாள் பீற்றிஸ். “நல்ல வீட்டைப் பூட்டி வைக்கக்கூடாது. நான் ஹெக்டரோட கதைக்கிறன்.”

மார்கிறட்டின் கண் நிறைந்துவிட்டது. முன்னால் இருந்தவள் அதைப் பார்க்கவில்லை. மார்கிறட் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, பீற்றிஸின் பிடரியையும் தோளையும் கேட்காமலே பிடித்துவிட்டாள்.

பொழுதுபடும் நேரம் யோசேப் விறகுக் குடிலின் வாசலில் காத்திருந்தான்.

“என்ன சொன்னா?”

“கதைக்கிறாவாம். வீட்டப் பத்தி எல்லாம் கேட்டா. கிணத்தப் பத்தித் திருப்பித் திருப்பிக் கேட்டா.”

“நான் சொன்னன்தானே. பொம்புளைக்குப் பொம்புள விளங்கும்.” அவன் எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். சிவப்புக் கோடுகள் இப்போது தடித்துக் கறுக்கத் தொடங்கியிருந்தன. உடுத்திருந்த சாரம் அவற்றில் படாமல் காலை அகட்டி வைத்திருந்தான். “மாத்தம் நிண்டா வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி.”

“ஒரு கட்டு,” என்றாள் அவள்.

இருவரும் சிரித்தார்கள். வந்த பிறகு முதல் முறையாக அவர்கள் கடலுக்குப் போய் ஓரத்தில் நடந்தார்கள். ஈர மணலில் சின்ன நண்டுகள் அவர்களுடைய காலடிக்கு முன்னால் ஓடி வளைக்குள் மறைந்தன. யோசேப் ஒரு சோகிச் சிப்பியைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தான். அவள் வீட்டில் எந்த யன்னலில் வைக்கலாம் என்று யோசித்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் புறப்படுவதாக இருந்தது. கடைசிச் சாப்பாடு என்று மார்கிறட் நண்டை முருங்கை இலை போட்டு, இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பால் விட்டு இறக்கினாள். தென்னை நிழலில் மேசை போட்டிருந்தது. துரையும் பீற்றிஸும் இருந்தார்கள். யோசேப் கோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். மார்கிறட் துரைக்காக நண்டுக் கால்களைக் கல்லால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஐசே, உம்மட விசயம்,” என்றார் துரை.

யோசேப் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான்.

“மாத்தத்தை நிப்பாட்ட ஏலாது. ஓடர் போட்டாப் போட்டதுதான். போய்த்தான் ஆகவேணும்.” துரை ஒரு நண்டுக் காலை உறிஞ்சினார். “ஆனா மிஸிஸ் ஒரு நல்ல வழி சொன்னா. சொல்லும் பீற்றிஸ்.”

“உன்ர கவலை எனக்கு விளங்கினது பிள்ளை,” என்றாள் பீற்றிஸ். குரலில் உண்மையான பரிவு இருந்தது. “வீடு பூட்டிக் கிடக்கும் எண்டுதானே சொன்னனி? நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நாங்கள் வந்து இருக்கிறம். எங்களுக்கும் அந்தச் சவர்த் தண்ணியில இருந்து விடுதலை. வாடகை எல்லாம் முறைப்படி தருவம்.”

துரை யோசேப்பைப் பார்த்துச் சொன்னார்: “நான் மாறிப் போகேக்க உம்மைத் திருப்பி எடுக்கச் சொல்லி ஒரு சொல் போட்டுவிட்டுப் போவன். அவ்வளவு காலமும் வீடு ஒழுங்காக் கிடக்கும்.”

மார்கிறட்டின் கையில் கல் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“நான் வீட்ட விட்டு வரமாட்டன்,” என்றாள். குரல் அவளுக்கே கேட்காததுபோல் இருந்தது. மறுபடி சொன்னாள். “இவர் போகட்டும். நான் இருக்கிறன்.”

துரை சிரித்தார். “கேட்டீரோ ஐசே. இதுதான் அந்த மருந்து. நல்லது, நீர் தனியப் போம். மொனராகலை அலுத்துப்போனா இன்னும் இடங்கள் இருக்கு. வருசத்துக்கு ஒண்டு வீதம் பாக்கலாம். நாடு பெரிசு.”

யோசேப் மனைவியைப் பார்க்கவில்லை. துரையின் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அவ பயத்தில சொல்றா சேர். வீடு தருவம் சேர்.”

“அது உம்மட வீடோ? நீர் வந்த மாப்பிள்ளை அல்லோ.”

“தருவா சேர். நான் சொல்றன்.”

ஒரு ஆண் தன் மனைவியின் வீட்டைத் தருவதாகச் சொல்லி மார்கிறட் அதுவரை கேட்டதில்லை. அவளுடைய தெருவில் அப்படிச் சொன்னவனுடைய தகரப் பெட்டி அன்று பின்னேரமே கடப்புக்கு வெளியே வந்துவிடும். அவள் அம்மா இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பாள். ஆனால் அம்மா சின்ன உப்போடையில் இருந்தாள். இங்கே கடல் இருந்தது. துரை இருந்தார். சேட்டின் கீழ் கறுத்த கோடுகளோடு ஒரு கிளாக்கர் நின்றான். துணி கோடுகளில் படாமல் காலை இன்னும் அகட்டி வைத்திருந்தான். அந்தக் காலைப் பார்த்த பிறகு அவளால் இல்லை என்று மறுபடி சொல்ல முடியவில்லை.

வேறு வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது.

“நோனா,” என்றாள். “வீடு நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நேத்து நான் நல்லதத்தான் சொன்ன. கிழக்கு அறை யன்னல் சாத்த ஏலாது. மாரியில தண்ணி எல்லாம் உள்ள அடிக்கும்.”

“அதுக்கென்ன, ஒரு ஆசாரியைப் பிடிச்சால் சரி,” என்றாள் பீற்றிஸ். “போக முதல் செய்விச்சுத் தந்திட்டுப் போங்கோ.”

“ஓம் நோனா, செய்விக்கிறம்,” என்றான் யோசேப்.

“குசினிக் கூரை ஒழுகும்.”

“அதையும் பாக்கிறம் நோனா.”

“கிணத்தடியில பாம்பு வரும். பின்வேலிக்குள்ள புத்து இருக்கு.”

“வேலி எண்டதும்தான் ஞாபகம் வருது,” என்றாள் பீற்றிஸ். “பின்வளவில உன்ர அம்மா இருக்கிறா எண்டு காலமை கேக்க யோசேப் சொன்னார். நடுவில கடப்பு ஒண்டு இருக்காம். அதை அடைச்சிட வேணும், என்ன? ஆக்கள் குசினிக்குள்ளால வந்து போறது எனக்குச் சரிவராது. புத்தையும் அதோட வெட்டி எடுக்கலாம்.”

“ஓம் நோனா,” என்றான் யோசேப்.

“தெருச் சனம் தண்ணி அள்ள வாறதும் நிக்கவேணும். நீயே போய்ச் சொல்லிவிடு. நாங்கள் சொன்னா மனவருத்தப்படுவினம்.”

மார்கிறட்டுக்கு இன்னும் சொல்ல இருந்தது. விறாந்தைத் தூணில் கறையான் ஏறியிருந்தது. மாமரம் கூரைமேல் சாய்ந்து வந்தது. மழை கனத்தால் வாவி வளவின் பாதிவரை ஏறும். வாயைத் திறந்தாள். பக்கத்தில் யோசேப் அவள் சொல்லப்போவது எதுவானாலும் ஓம் என்று சொல்லக் காத்திருந்தான். தூணைத் தோண்டுவான், மரத்தைத் தறிப்பான், வாவிக்கும் அணை கட்டுவான்.

அவள் வாயை மூடினாள்.

“இன்னும் ஏதும் இருக்கோ பிள்ளை?” என்று பீற்றிஸ் கேட்டாள். “இப்பவே சொன்னா நல்லது. வந்த பிறகு கரைச்சல் கூடாது.”

“ஒண்டும் இல்ல நோனா.”

“நல்ல பிள்ளை.”

துரை வெறுங்கோப்பையை அவள் பக்கம் நீட்டினார். மார்கிறட் கல்லை எடுத்து அடுத்த நண்டின் காலைத் தட்டினாள்.